தெர்சைராவில் ஒரு கைப்பிடி மண்

லிஸ்பனிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் ஒன்பது தீவுகள் கிடக்கின்றன. அசோர்ஸ் என்று பெயர். போர்ச்சுகலின் தன்னாட்சிப் பகுதி. ஒன்பதையும் கடலடி எரிமலைகளே கக்கிக் கக்கி மேலே உயர்த்தின. எந்தக் கண்டத்தோடும் அவை ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. மூத்த தீவான சாந்தா மரியாவுக்கு வயது சுமார் 60 லட்சம் ஆண்டுகள். நான் போன தெர்சைராவுக்கு நான்கு லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. நிலவியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த நிலம்.

அப்படியானால் அங்கே இன்றிருக்கும் ஒவ்வோர் உயிரும் எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தது, அல்லது அப்படி வந்ததன் வழித்தோன்றல். பறவை வந்ததைப் புரிந்துகொள்ளலாம். விதை வந்ததையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் சிறகில்லாத, நீந்தத் தெரியாத, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வளராத மண் சிற்றுண்ணி எப்படி வந்தது? வந்த பிறகு என்னவாக மாறியது? அதை யார், எப்படி அடையாளம் காண்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் நான் தெர்சைராவுக்குப் பயணப்பட்டேன். திமிங்கிலம் பார்க்கவும் எரிமலைவாய் ஏரிகளைப் பார்க்கவும் உலகம் அசோர்ஸுக்கு வருகிறது. காட்டுத் தரையைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

விமானம் லாஜெஸில் இறங்கும்போதே தீவின் கதை பாதி தெரிந்துவிடுகிறது. கரைமுதல் மலையடிவாரம்வரை பச்சைக் கட்டங்கள். கட்டங்களுக்கு நடுவே கறுப்பு எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய வரப்புச் சுவர்கள். கட்டத்துக்குள் கறவை மாடுகள். போர்ச்சுகீசியர் 15ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறினார்கள். அதற்கு முன் இங்கே மனிதர் எவரும் இல்லை. கரைமுதல் உச்சிவரை காடு இருந்தது. ஆறு நூற்றாண்டுகளில் அந்தக் காடு விறகாகவும் வீடாகவும் கப்பலாகவும் போனது, அதன் இடத்தில் வயலும் மேய்ச்சல் நிலமும் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமேரியா மரத்தோப்பும் வந்தன. ஒன்பது தீவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பழைய காட்டில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியதில் நல்ல பகுதிகள் சில தெர்சைராவின் நடுமேட்டில் இருக்கின்றன.

தலைநகர் அங்ரா டு எரோயிஸ்மோ அழகான ஊர். 1980 புத்தாண்டு நாளில் வந்த நிலநடுக்கத்தில் ஊர் பெருமளவு இடிந்து விழுந்தது; பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள்; 1983இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவிலிருந்து மிளகும் பட்டும் ஏற்றி வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள் லிஸ்பனுக்குப் போகும் வழியில் இங்கே நங்கூரம் போட்டுத் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டன. ஐரோப்பாவிலிருந்து கோழிக்கோட்டுக்கு முதன்முதல் கடல்வழி கண்டு திரும்பிய வாஸ்கோ ட காமாவின் அண்ணன் பாவ்லோ ட காமா, நோயுற்று 1499இல் இந்தத் தீவில்தான் இறந்தார். அங்ராவின் பிரான்சிஸ்கன் மடத்துக் கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நம் கடற்கரையின் வரலாறு இவ்வளவு தூரத்தில் ஒரு கல்லறையாக இருக்கிறது.

இன்னொரு பயணியும் இந்த ஊரில் இறங்கினார். 1836 செப்டம்பரில், ஐந்து ஆண்டு உலகப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், பீகிள் கப்பல் தெர்சைராவில் நின்றது. சார்லஸ் டார்வின் குதிரையேறித் தீவின் உட்பகுதிக்குப் போய், நிலத்திலிருந்து கந்தக ஆவி எழும் இடத்தைப் பார்த்தார். ஃபுர்னாஸ் டு என்ஷோஃப்ரே என்ற அந்த இடத்தில் இன்று மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், நானும் நடந்தேன். செம்மண்ணில் வெள்ளையும் மஞ்சளும் படிந்திருக்க, ஆவி மூக்கைக் குத்துகிறது. டார்வினுக்குத் தீவு பெரிதாகச் சுவைக்கவில்லை. ஊர் திரும்பும் ஏக்கத்தில் இருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து சற்றுத் தொலைவில்தான் பழைய காடு தொடங்குகிறது. அதன் தரைக்கடியில் இருந்ததைப் பார்க்கும் கருவி அன்று யாரிடமும் இல்லை. மண்ணிலிருந்து சிறு கணுக்காலிகளைப் பிரித்தெடுக்கும் புனலை இத்தாலியர் அந்தோனியோ பெர்லேசே 1905இல்தான் வடிவமைத்தார்.

காட்டுக்கு என்னை அழைத்துப் போனது மண்ணுயிர்களில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஓர் ஆய்வு மாணவி. மாதிரி எடுக்க அரசு அனுமதி பெற்றவர் அவர். நான் பின்னால் நடந்து பார்க்க வந்தவன். “அனுமதிக் கடிதம் இல்லாமல் இங்கே ஒரு பிடி பாசியைக்கூட எடுக்கக் கூடாது” என்று வண்டியை விட்டு இறங்குமுன்பே சொல்லிவிட்டார். இறங்கியதும் டிக்கியிலிருந்து பிரஷ்ஷையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து, இருவருடைய காலணியின் அடிப்புறத்தையும் தேய்த்துக் கழுவினார். மேய்ச்சல் நிலத்து மண் ஒரு துளியும் காட்டுக்குள் போகக் கூடாது என்பது அவருடைய விதி.

மேய்ச்சல் நிலம் ஒரு கம்பிவேலியில் முடிகிறது. வேலிக்கு அப்பால் நான்கடி வைத்தால் வேறு உலகம். குட்டை இலை அசோர்ஸ் ஜூனிப்பர், அசோர்ஸ் லாரல், காட்டு ஹாலி, ஆளுயரத்தைத் தாண்டிய எரிக்கா. ஒன்றும் நெடுமரமில்லை, கடற்காற்று எல்லாவற்றையும் குனிய வைத்து முறுக்கியிருக்கிறது. ஒவ்வொரு தண்டிலும் கிளையிலும் பாசி. பாசியின்மேல் ஈரல்பாசி, அதன்மேல் பெரணி. மேகம் இங்கே தலைக்குமேல் நிற்பதில்லை, மரத்துக்கு நடுவே நடக்கிறது. அருகிலுள்ள சாந்தா பார்பரா மலையுச்சி 1,021 மீட்டர் உயரம். அந்த உயரங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. கால் வைத்த இடமெல்லாம் அமுங்கி, விட்டதும் எழும்புகிறது. இலைமக்கும் பாசியும் எரிமலைச் சாம்பல் மண்ணும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் தரை அது.

ஒரு விஷயம் உடனே உறைக்கும். காட்டில் விலங்குச் சத்தமே இல்லை. தானாக இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த தவளை இல்லை, பாம்பு இல்லை, ஓணான் இல்லை. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இங்கேயே தோன்றியது ஒரே ஒரு வௌவால். அசோர்ஸ் நொக்டியூல் என்ற அந்த வௌவால் பட்டப்பகலிலும் பறக்கிறது. மற்றபடி இந்தக் காட்டை ஆள்வது கணுக்காலிகள்: வண்டு, சிலந்தி, மரவட்டை, வால்துள்ளி, சிற்றுண்ணி. எண்ணிக்கையில் முதலிடம் எப்போதும் கடைசி இரண்டுக்கும்தான். வளமான காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பல்லாயிரக்கணக்கில் சிற்றுண்ணிகள் இருக்கும்; குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் இலட்சத்தைத் தாண்டியும் எண்ணியிருக்கிறார்கள்.

சிற்றுண்ணி என்றதும் தென்னையையும் மிளகாயையும் தாக்குவதோ, தலையணைத் தூசியில் வாழ்ந்து தும்மல் தருவதோ நினைவுக்கு வரலாம். மண்ணில் மிகுதியாக வாழும் ஒரிபாட்டிட் கூட்டம் அப்படிப் பயிரைத் தாக்குவதோ தும்மல் தருவதோ அல்ல. உதிர்ந்த இலையையும் அதில் படரும் பூஞ்சையையும் தின்று, எச்சமாக்கி, பூஞ்சை வித்துகளை இடம் மாற்றிவைத்து, காட்டின் சத்து மீண்டும் வேருக்குப் போக வழிசெய்கிறது. இதுவரை 11,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் கில்போவா என்ற இடத்தில் கிடைத்த ஒரிபாட்டிட் புதைபடிவங்களின் வயது 37 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நிலத்தில் முதல் காடுகள் எழுந்த காலத்திலேயே அவற்றின் குப்பையைத் தின்னத் தொடங்கிவிட்ட உயிர்கள் இவை. ஒரு கடுகின் குறுக்களவில் நான்கைந்து சிற்றுண்ணிகள் வரிசையாக நிற்கலாம்; அவ்வளவுதான் உருவம்.

மாதிரி எடுப்பது பார்ப்பதற்கு எளிய வேலை. உலோகக் குழாயை மண்ணில் அழுத்தி ஒரு வட்டத் துண்டை எடுக்கிறார்கள். பக்கத்தில் இலைமக்கு ஒரு பை. மரத்தண்டிலிருந்து பாசி ஒரு பை. கிளைக்கடியில் வெள்ளைத் துணியை விரித்து, கிளையைக் கழியால் தட்டி விழுவதைச் சேர்ப்பது தனி. ஒவ்வொரு பையிலும் பென்சிலால் எழுதிய சீட்டு: இடம், உயரம், தேதி, எந்த மரத்தடி. மையால் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். இந்தச் சீட்டுதான் மாதிரிக்கு உயிர். சீட்டில்லாத சிற்றுண்ணி எவ்வளவு அரியதாக இருந்தாலும் அறிவியலுக்குப் பயனில்லை. பைகளை வெயில் படாமல் குளிர்ப்பெட்டியில் வைத்து மாலைக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் இரைகௌவிச் சிற்றுண்ணிகள் மற்றவற்றைத் தின்று தீர்த்துவிடும்.

அசோர்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்ரா வளாகத்தில் டால்பெர்த்து டெய்ஷெய்ரா போம்பு பெயரைத் தாங்கிய பூச்சியியல் சேகரிப்பு இருக்கிறது. தீவுகளின் கணுக்காலிகளை முறையாகச் சேகரித்து எண்ணும் பெரும்பணியை பாவ்லோ போர்ஜெஸ் தலைமையிலான குழு 1999இல் தொடங்கியது. ஏழு தீவுகளின் பழைய காட்டுத் துண்டுகளில் ஒரே முறையில், ஒரே அளவில் மாதிரி எடுத்து ஒப்பிட்டார்கள். எந்தக் காட்டுத் துண்டைக் காப்பது முதலில் அவசியம் என்று அரசிடம் சொல்ல அந்தத் தரவு உதவியது. பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணி ஒரு காட்டுக்காக வாதாட முடியும் என்று காட்டிய முயற்சி அது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆய்வகத்தில் புனல்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே சல்லடை, சல்லடைமேல் மண், அதற்கும் மேலே மின்விளக்கு, அடியில் ஆல்கஹால் குப்பி. பெர்லேசே தன் புனலைச் சூடாக்க வெந்நீர் பயன்படுத்தினார். சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரென் அதை மாற்றி மின்விளக்கை வைத்தார். விளக்கின் சூட்டில் மண் மேலிருந்து மெல்ல மெல்லக் காய்கிறது. வெளிச்சத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி உயிர்கள் கீழே கீழே இறங்கி, கடைசியில் குப்பிக்குள் விழுகின்றன. அவசரப்பட்டு விளக்கின் சூட்டைக் கூட்டினால் மெதுவாக நகரும் இனங்கள் வழியிலேயே காய்ந்து செத்துவிடும். அதனால் பல நாள் ஆகும். மாணவி முந்தைய வாரம் போட்ட மாதிரியின் குப்பியை எனக்குக் காட்டினார். வெறும் கண்ணுக்கு அடியில் கொஞ்சம் பழுப்புத் தூள். பார்வைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் வைத்ததும் தூளுக்குக் கால் முளைத்தது.

இங்கிருந்துதான் உண்மையான வேலை. மாதிரி எடுக்க ஒரு காலை போதும்; பெயர் சொல்ல மாதங்கள் ஆகும்.

முதலில் பிரிப்பு. வால்துள்ளிகள் ஒரு பக்கம், இரைகௌவிகள் ஒரு பக்கம், ஒரிபாட்டிட்கள் ஒரு பக்கம். ஒரிபாட்டிட்களிலும் முதிர்ந்தவை மட்டுமே பெரும்பாலும் பெயருக்கு உதவும். முட்டையிலிருந்து ஆறு காலோடு வரும் இளம்பருவம், அதன்பின் எட்டுக் காலோடு மூன்று நிலைகள், பிறகு முதிர்பருவம் என்று வாழ்க்கை போகிறது. இளம்பருவம் வெளிறி, மெத்தென்று, முதிர்ந்ததோடு எந்தச் சாயலும் இல்லாமல் இருக்கும். பெயரிட்ட இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் இளம்பருவத்தை இன்னும் யாரும் விவரிக்கவில்லை. அதனால் தட்டில் கிடந்த பாதிப் பேரை மாணவி தனிக் குப்பியில் ஒதுக்கினார். அவர்களின் முறை என்றாவது வரும்.

முதிர்ந்த ஒரிபாட்டிட்டுக்குக் கடின ஓடு உண்டு. நிறம் தேன் முதல் கரும்பழுப்பு வரை. ஒளி ஊடுருவ வேண்டுமானால் ஓட்டை வெளிறச் செய்ய வேண்டும். லாக்டிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். பிறகு நடுவில் குழிவுள்ள கண்ணாடித் தகட்டில், அமிலத் துளிக்குள் சிற்றுண்ணியை விட்டு, மூடிக்கண்ணாடியால் பாதி மூடுகிறார்கள். மூடிக்கண்ணாடியை ஓரம் தொட்டு மெல்ல நகர்த்தினால் சிற்றுண்ணி உருளும். முதுகு, வயிறு, பக்கவாட்டு, முன்முகம் என எல்லாக் கோணத்திலும் பார்க்கலாம். நசுக்கி ஒட்டிவிட்டால் ஒரு கோணம்தான் கிடைக்கும். பார்த்து முடித்ததும் திரும்ப ஆல்கஹாலுக்கே போகிறது. நூறாண்டு கழித்து இன்னொருவர் அதையே உருட்டிப் பார்க்கலாம்.

இந்த முறையைப் பரப்பியவர் பிரெஞ்சுக்காரரான ஃபிரான்சுவா கிராஞ்சான் (1882–1975). அவர் உயிரியல் படித்தவரல்லர். சுரங்கப் பொறியியலும் கனிமவியலும் படித்தவர். பாறைச் சீவல்களைப் பார்க்கும் முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் சிற்றுண்ணியின் மயிரைப் பார்த்தார். ஒரு பெரும் பிரிவின் மயிர்கள் ஒளிர்ந்தன, மற்றதன் மயிர்கள் ஒளிரவில்லை. சிற்றுண்ணி உலகத்தை இரண்டாகப் பகுக்கும் அந்த வேறுபாட்டை அவர் 1935இல் வெளியிட்டார். எரிமலைப் பாறையைப் படிக்கும் கண்ணே எரிமலைத் தீவின் உயிரையும் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதை தெர்சைராவில் உட்கார்ந்து நினைத்தபோது மனம் நிறைந்தது.

எதைப் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள்? முதுகில் எத்தனை இணை மயிர், பத்தா, பதினைந்தா. ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எங்கே முளைக்கிறது. காலின் நுனியில் நகம் ஒன்றா, மூன்றா. முதுகோட்டில் நுண்துளைப் பரப்புகள் உண்டா, அவை வட்டமா நீளமா. தோளில் இறக்கைபோல் விரியும் தகடு அசையுமா, அசையாதா. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைப்பகுதியின் இருபுறமும் குழியிலிருந்து எழும் ஓர் உணர்மயிர். காற்றின் சிறு அசைவையும் அது பிடித்துவிடும். சில இனங்களில் அது இழை, சிலவற்றில் உருண்டை, சிலவற்றில் சீப்பு. அந்த ஒரு மயிரின் வடிவில் மட்டும் நான் நெடுநேரம் லயித்துப்போனேன்.

ஆல்கஹாலில் போடாத மாதிரி இருந்த இன்னொரு தட்டில் பெட்டிச் சிற்றுண்ணி ஒன்று உயிரோடு இருந்தது. ஊசி நுனியால் மாணவி அதைத் தொட்டதும் கால்களை உள்ளே இழுத்து, தலைமூடியைச் சாத்தி, வழவழப்பான ஓர் உருண்டையாகிவிட்டது. ஃப்திராகேரஸ் பேரினம். இரைகௌவி வந்தால் கடிக்க ஓரமே கிடைக்காது. அதன் இளம்பருவங்கள் மக்கும் இலைக்குள்ளும் சுள்ளிக்குள்ளும் துளைத்து, உள்ளேயே தின்று வளர்கின்றன. அடுத்தது கிளையைத் தட்டி எடுத்த மாதிரியில் கிடைத்தது: ஹூமெரோபேட்டெஸ் போம்போய். அசோர்ஸில் மட்டுமே காணப்படும் இனம். ஸ்பானிய அறிஞர் கார்லோஸ் பெரெஸ் இன்யிகோ 1992இல் விவரித்தது. அசோர்ஸின் ஒரிபாட்டிட்களில் கணிசமானவற்றை உலகம் அறிந்தது அவருடைய கட்டுரைகளால்தான். பளபளக்கும் கரும்பழுப்பு முதுகோடு அது தட்டில் நடந்தபோது, இந்தப் பூமியில் இது வாழும் இடம் நான் நிற்கும் தீவுக்கூட்டம் ஒன்றே என்ற எண்ணம் என்னை அசைத்தது.

மூன்றாவது ஒன்று பெயருக்குப் பிடிபடவில்லை. குடும்பம் தெரிந்தது, பேரினம் ஓரளவு தெரிந்தது. மாணவி, ஒரிபாட்டிட்களை அடையாளம் காண உதவும் வைக்மனின் ஜெர்மன் கையேட்டைப் புரட்டினார். மாட்ரிட்டின் லூயிஸ் சுபியாஸ் ஆண்டுதோறும் புதுப்பித்துவரும் உலகப் பட்டியலைத் திறந்து அந்தப் பேரினத்தின் இனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. “இது புதிதா?” என்று ஆவலோடு கேட்டேன். “அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. பத்துப் பன்னிரண்டு உருப்படியாவது வேண்டும். ஆண், பெண் இரண்டும் வேண்டும். மதேய்ராவிலிருந்தும் கேனரி தீவுகளிலிருந்தும் வந்த பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அதுவரை இதற்கு எண் மட்டும்தான்” என்றார். அந்த நிதானம் எனக்கு மிகப் பிடித்திருந்தது. புது இனம் என்று அறிவிப்பது எளிது. ஏற்கெனவே வேறு நாட்டில் வேறு பெயரில் இருக்கும் ஒன்றுக்கு இன்னொரு பெயரும் சூட்டிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அந்தக் குழப்பத்தைப் பல ஆண்டு சுமக்க வேண்டும். மரபணுவின் சிறு துண்டைப் படித்து ஒப்பிடும் முறை இப்போது துணைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்கான சேமிப்பில் மண் சிற்றுண்ணிகளின் வரிசைகள் குறைவு. அதில் ஒவ்வொன்றையும் சேர்க்கும்போதும் யாராவது நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எப்படி வந்தன? ஒரே விடை கிடையாது. காற்றில் சிற்றுண்ணிகள் மிதப்பதைப் பொறிவைத்துப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். பறவைகளின் இறகுக்குள்ளிருந்து மண்வாழ் இனங்களை எடுத்திருக்கிறார்கள். கடலோரப் பாறைகளில் வாழும் ஒரிபாட்டிட்கள் உப்புநீரில் வாரக்கணக்கில் உயிர்பிழைப்பதை ஆஸ்திரியாவின் டோபியாஸ் ஃபிங்ஸ்டில், பெர்முடா இனங்களை வைத்துச் சோதித்துக் காட்டினார். வேரோடு பெயர்ந்து மிதக்கும் மரமும் புல்திட்டும் ஓடமாகின்றன. வந்து சேர்ந்தபின் நிலைக்க இன்னொரு வசதியும் சில இனங்களுக்கு உண்டு: ஆணில்லாமலே பெண் முட்டையிடும். ஒரிபாட்டிட்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இனங்கள் இப்படி. உலகமெங்கும் பரவியுள்ள ஓப்பியெல்லா நோவா அந்த வகை. ஒரே ஒரு பெண் கரை சேர்ந்தால் போதும், குடி நிலைத்துவிடும்.

வருகையைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பும் உலகத்துக்குக் கிடைத்தது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலைப் பிளந்து எழுந்த சுர்ட்சே தீவில், ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்தே யார் வந்து குடியேறுகிறார்கள் என்று எழுதிவருகிறார்கள். ஆய்வாளர் தவிர வேறெவரும் அங்கே கால்வைக்க அனுமதியில்லை. அசோர்ஸுக்கு அப்படிக் காவல் இருந்ததில்லை. மனிதர் வந்ததும் கன்று நட்ட தொட்டி மண்ணிலும் வைக்கோலிலும் கால்நடைத் தீவனத்திலும் ஐரோப்பாவின் மண்ணுயிர்களும் கூடவே வந்தன. இன்று மேய்ச்சல் நிலத்து மண்ணைப் புனலில் போட்டாலும் கணுக்காலிகள் விழும். ஆனால் அவற்றில் பல ஐரோப்பாவின் எந்த வயலிலும் கிடைக்கும் இனங்கள். தீவுக்கே உரியவை வேலிக்கு அந்தப் பக்கம் சுருங்கிவிட்டன.

வேலிக்கு அந்தப் பக்கமும் நிம்மதியில்லை. திரும்பி நடந்த வழியில், காட்டோரத்தில் அகன்ற இலையும் மஞ்சள் பூங்கொத்துமாக ஒரு செடி அடர்ந்து நின்றது. காஹிலி இஞ்சி. நம் இமயமலைச் சாரலின் செடி. தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது அசோர்ஸின் காட்டுத் தரையை மூடிக் கிழங்காலேயே பின்னி, லாரல் கன்றும் ஜூனிப்பர் கன்றும் முளைக்க இடமில்லாமல் செய்கிறது. இமயத்தில் அடக்கமாக வாழும் செடி இங்கே தடுப்பாரின்றிப் பரவுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிட்டோஸ்போரம் மரமும் அப்படியே. இஞ்சியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தும் வேலையைச் சில இடங்களில் செய்கிறார்கள். கைவேலை, ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது.

அசோர்ஸின் காட்டு வண்டுகள், சிலந்திகள், நாவாய்ப்பூச்சிகளை வைத்து 2010இல் ஒரு கணக்குப் போட்டார்கள். காடு அழிந்த உடனே அதில் வாழும் இனங்கள் அழிந்துவிடுவதில்லை. மிஞ்சிய துண்டுகளில் சில காலம் தாக்குப்பிடித்து, பிறகு ஒவ்வொன்றாக மறையும். அந்த நிலுவையைக் கணக்கிட்டால், காட்டை மட்டுமே நம்பி வாழும் அசோர்ஸுக்குரிய இனங்களில் பாதிக்கும் மேல் கடைசியில் அழிந்துபோகும் நிலையில் உள்ளன என்பது முடிவு. மேலும் காடு அழியாமல் இருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் இதில் கொடுமை. அந்தக் கணக்கில் மண் சிற்றுண்ணிகள் இல்லை. பெயரும் பரவலும் தெரிந்தவற்றை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்! குளிர்ந்த மண்ணில் ஒரு தலைமுறை முடிய ஓராண்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, சில முட்டைகளே இடும் இந்த உயிர்கள், தரை ஒருமுறை கலைந்தால் மீண்டுவர நெடுங்காலம் பிடிக்கும். வண்டுக்கும் சிலந்திக்கும் நேர்ந்தது இவற்றுக்கு நேரவில்லை என்று நம்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காட்டில் எத்தனை மரம் என்று எண்ணிவிட்டு அந்தக் காட்டை அறிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். காட்டை நடத்துகிறவர்கள் தரைக்கடியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உலகமெங்கும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓர் உயிரைப் பட்டியலில் சேர்க்கவும், சட்டத்தில் எழுதவும், அதற்காக ஒரு துண்டு நிலத்தைக் கேட்கவும் முதலில் பெயர் வேண்டும். அந்த ஆய்வகத்தின் அலமாரியில் வெறும் எண்ணோடு நிற்கும் குப்பிகளைப் பார்த்தபோது, அவற்றுக்குள் சில, பெயர் கிடைக்கும் முன்பே காட்டிலிருந்து போய்விட்டிருக்கக் கூடும் என்ற அச்சம் என்னை விடவில்லை. விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், இந்தத் துறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு புனல், ஒரு விளக்கு, ஒரு நல்ல நுண்ணோக்கி, வரையத் தெரிந்த கை, அசையாத பொறுமை. வேலை இரண்டு தலைமுறைக்குக் குறையாமல் காத்திருக்கிறது.

அசோர்ஸுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் திமிங்கிலத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்ராவில் மண்சட்டியில் நெடுநேரம் வேகவைத்த அல்காத்ரா இறைச்சியும் கிடைக்கும். அதற்கும் ஒரு வேளை ஒதுக்கலாம். தெர்சைராவில் ரோஷா டு ஷாம்ப்ரே நடைபாதைக்கு ஒரு காலையைக் கொடுங்கள். பழைய காட்டின் ஊடே போகும் பாதை அது. போகுமுன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். குறியிட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், பாசியைப் பிய்க்காதீர்கள், பையில் எதையும் எடுத்து வராதீர்கள். மண்டியிட்டு, ஒரு சிறு லென்ஸை வைத்துக்கொண்டு, பாதையோரப் பாசியை ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஏதாவது ஒன்று நகரும்.